வீட்டு முற்றத்தில் வாய் பார்க்கலாம்: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

பல்லைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வேப்பங்குச்சி நல்லதா, பேஸ்ட் நல்லதா என்று திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசலாம். பல்லைச் சுற்றியிருக்கும் சதையைப் பற்றித்தான் பேச்சே வராது. உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம், நாக்கு, நாக்குக்கு அடி என்று எல்லாமே தினமும் சோறு தின்னும் வாயில்தான் இருக்கின்றன. ஆனால் இவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல் மருத்துவ முகாம் நடந்தால் பெயர் எழுதவும் டார்ச் பிடிக்கவும் நான் போவதுண்டு. அங்கே இரண்டு வகை ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருவர் பல் ஆடுகிறது என்று வருவார். கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வெகுநாளாக இருப்பது அவருக்கே தெரியாது. இன்னொருவர், நாக்கின் பின்பக்கம் உருண்டை உருண்டையாக ஏதோ முளைத்திருக்கிறது என்று தூக்கம் கெட்டு வருவார். அவை பிறவியிலிருந்தே இருப்பவை, எல்லோருக்கும் உண்டு. பயப்பட வேண்டியவர் பயப்படவில்லை, வேண்டாதவர் பயந்துபோனார். நல்ல வாய் எப்படி இருக்கும் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் நோயைவிட நல்ல வாயைப் பற்றித்தான் அதிகம் வரும். உங்கள் வாயை நீங்களே பார்க்கலாம், வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்னோர் வழிபாடான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து போவார்கள். அப்படி வரும்போது ஒரு காலை வேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

நேரம், வெளிச்சம், சாமான்

காலையில் பல் விளக்கி, காபிக்கும் முதல் வெற்றிலைக்கும் முன்னால் பாருங்கள். வெற்றிலை போட்ட வாயில் எல்லாமே சிவப்பாகத் தெரியும், எது புண் எது சாறு என்று பிரிக்க முடியாது. முந்தின வேளை கவுனி அரிசி சாப்பிட்டிருந்தால் நாக்கு கருநீலமாக இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். நன்றாகக் கொப்பளித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடம் என்று கேட்டால், பழைய வீடாக இருந்தால் வளவின் முற்றத்து ஓரம்தான் முதல் தேர்வு. மேலிருந்து விழும் பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரியும். இரண்டாங்கட்டில் எரியும் மஞ்சள் பல்பின் கீழே மெல்லிய வெள்ளைத் திட்டு கண்ணிலேயே படாது. பகல் வெளிச்சத்தோடு போன் டார்ச்சும் இருந்தால் பின்வாய் வரை தெரியும். முகப்பில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடி இதற்குத் தோதுப்படாது. ரசம் போன கண்ணாடியில் எல்லோர் வாயிலும் புள்ளி இருக்கும். சாதாரணக் கைக்கண்ணாடி போதும்.

நாக்கைப் பிடிக்கச் சுத்தமான பருத்தித் துணி ஒன்று, கன்னத்தை ஒதுக்க ஒரு எவர்சில்வர் ஸ்பூன், அடுத்தவர் வாயைப் பார்ப்பதானால் கையுறை. பல்செட் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றியே ஆக வேண்டும். செட்டுக்கு அடியில்தான் அழுத்திய புண்ணும் பூஞ்சையும் ஒளிந்திருக்கும். வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது "பல்செட்டைக் கழற்றுங்க அப்பத்தா" என்று கேட்டுவிடாதீர்கள், அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கமாட்டார். எல்லோரும் குளிக்கப் போன நேரம் பார்த்து, "அப்பத்தா, ஒரு நிமிஷம் இப்படி வெளிச்சத்துக்குத் திரும்பி உட்காருங்க" என்றால் நடக்கும்.

ஒரே வரிசையில் பாருங்கள். கழுத்து, உதடு, கன்னம், ஈறு, அண்ணம், நாக்கு, நாக்குக்கு அடி. கண்ணுக்குப் பட்டதை முதலில் பார்த்தால் மறைவான இடங்கள் தப்பிவிடும். தப்பவே கூடாத இடங்களும் அவைதான்.

கழுத்தும் உதடும்

நேராக உட்கார வைத்து முகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவா, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா? பிறகு தாடை எலும்பின் அடியிலும் கழுத்தின் இரு பக்கமும் விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். நெறி கட்டியிருந்தால் தட்டுப்படும். சளி, பல்வலி வந்தபோது கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், கொஞ்ச நாளில் வடியும். வலிக்காமல், கல்லு மாதிரி, நழுவாமல் இருந்தால் மற்றதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போக அது ஒன்றே போதும்.

உதட்டில் முதலில் வாயோரத்தைப் பாருங்கள். அங்கே வெடித்துப் புண்ணாகியிருந்தால் இரும்புச்சத்தோ பி வகை விட்டமினோ குறைந்திருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்செட் தேய்ந்து போனால் வாய் அதிகமாக மூடும், ஓரத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பில் எச்சில் தேங்கும். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டும் ஆறாத ஓரப்புண்ணுக்குப் பல்செட்டைச் சரிபார்ப்பது நல்லது.

கீழுதட்டைக் கீழே இழுத்துப் பிடியுங்கள். உட்புறம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிய இருக்கும். துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள் அங்கங்கே பூக்கும். உதட்டுக்குள் இருக்கும் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள்தாம் அவற்றை விடுகின்றன. வாய் முழுக்க இப்படி 600 முதல் 1000 வரை சின்னச் சுரப்பிகள் உண்டு. குழந்தைகளுக்குச் செய்து காட்டினால் விடமாட்டார்கள், திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். உதட்டைக் கடித்துக்கொண்ட பிறகு இவற்றில் ஒன்றின் குழாய் அறுபட்டாலோ அடைபட்டாலோ நீலம் கலந்த நீர்க்கொப்புளம் வரும். வலிக்காது. உடைந்து மறுபடி மறுபடி வந்தால் பல் டாக்டர் சின்ன அறுவையில் எடுத்துவிடுவார். நீங்கள் ஊசியால் குத்தாதீர்கள்.

உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் மேலும் கீழும் ஒரு மெல்லிய ஜவ்வு இழுபடும். அது உதட்டை நிறுத்தி வைக்கும் கட்டு.

கன்னத்துக்குள்

நம் பக்கத்தில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

வாயை அகலத் திறக்காமல் பாதி திறக்கச் சொல்லுங்கள். அகலத் திறந்தால் கன்னம் இறுகிவிடும், ஒதுக்க முடியாது. ஸ்பூனின் பின்புறத்தால் கன்னத்தை வெளியே தள்ளி டார்ச் அடியுங்கள். மேல்வரிசையில் இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தில் கடுகளவு ஒரு சின்ன மேடு தெரியும். கட்டி என்று நினைத்துவிடாதீர்கள். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் திறக்கும் வாய் அது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இந்தச் சுரப்பிதான். காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தை மெதுவாக முன்னோக்கி நீவினால் அந்த மேட்டிலிருந்து தெளிந்த நீர் வரும். கலங்கலாகவோ சீழாகவோ வந்தால் சரியில்லை.

பற்கள் கடிக்கும் மட்டத்தில் முன்னும் பின்னுமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பல் உரசி உரசி வருவது, பெரும்பாலோருக்கு இருக்கும். சிலருக்கு மஞ்சள் வெள்ளையாக மிகச் சின்னப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும். அவை தோலில் இருப்பதுபோன்ற எண்ணெய்ச் சுரப்பிகள், உதட்டிலும் வரும், ஒன்றும் செய்யாது. இன்னும் சிலருக்குக் கன்னம் முழுக்கப் பாலாடை மாதிரி வெளிறித் தெரியும். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடியுங்கள். வெளிறல் மறைந்தால் கவலையில்லை. மாநிறம், கருநிறம் உள்ளவர்களிடம் இது சகஜம். இழுத்தாலும் மறையாத, துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம். விரலால் கன்னத்தை வெளியே இழுத்து, ஸ்பூனால் கீழே அழுத்தி, பின்கடைசி வரை பாருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் அதை அடக்கும் இடம் இதுதான். எந்தப் பக்கம் அடக்குவார் என்று அவரிடமே கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். மேலைநாடுகளில் வாய்ப்புற்று பெரும்பாலும் நாக்கின் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும் வருகிறது. இந்தியாவில் கன்னத்தின் உட்புறமும் இந்தப் பள்ளமும் முன்னுக்கு வரக் காரணம், சாறும் சக்கையும் மணிக்கணக்கில் அங்கேயே கிடப்பதுதான்.

வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் இல்லாத பழைய வீடு நம் பக்கத்தில் உண்டா? தாம்பூலம் இல்லாமல் ஒரு சடங்கும் நடக்காது. தட்டில் வைத்துக் கொடுத்து வாங்குவதில் யாருக்கும் தீங்கில்லை. நாள் முழுக்க வாயில் அடக்கி வைப்பதைத்தான் சொல்கிறேன். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று முகாமில் ஆச்சிமார்கள் ஒரு பிடிமானமாகச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பாக்கு இன்னொன்றும் செய்யும். கன்னத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் இளக்கமான பகுதி மெல்ல மெல்ல நாராக இறுகும். தொட்டால் மேலும் கீழுமாகக் கயிறு ஓடுவது தட்டுப்படும், கன்னம் சிவப்பிழந்து வெளுக்கும். வாய் திறப்பது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். நுழைந்தால் சரி. இரண்டு விரலோடு நின்றால் காட்டத்தான் வேண்டும். இறுகியது பழையபடி இளகுவது அரிது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. பொட்டலப் பாக்கு மெல்லும் இளைஞர்களிடமும் இதே கோளாறைப் பார்க்கிறோம், ஆகவே தாத்தா பாட்டியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இந்த நார்க் கோளாறு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சாப்பாட்டில் தெரியும். காரம் தாங்காது. கோழி வறுவலை மிளகு தூக்கலாகப் போட்டுச் சாப்பிட்டவர் திடீரென்று "ரசம்கூட எரியுது, காரத்தைக் குறை" என்று சொன்னால், "வயசாயிருச்சு" என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம். அன்றைக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு கன்னத்தைப் பாருங்கள். நார் இறுகுவது, வலைபோல வெள்ளைக் கோடுகள் படரும் இன்னொரு கோளாறு, பூஞ்சை, ரத்தசோகையால் வழவழத்துப்போன நாக்கு, எச்சில் வற்றிய வாய் எல்லாமே பலருக்கு முதலில் காரத்தில்தான் தெரியவரும்.

ஈறு

கறுப்பு ஈறைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே நிறமி ஈறிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சிறு வயதிலிருந்தே இருக்கும் பழுப்போ கறுப்போ இயல்பு. பாடப்புத்தகப் படங்களில் வரும் ரோஜா நிற ஈறு வேறு தேசத்து ஆட்களுடையது. ஒரே இடத்தில் புதிதாக வந்து பரவும் கறுப்புப் புள்ளியைத்தான் காட்ட வேண்டும்.

நல்ல ஈறு பல்லோடு ஒட்டி இறுக்கமாக இருக்கும். துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் சாத்துக்குடித் தோல் மாதிரி நுண்ணிய குழிகள் தெரியும். கொஞ்சம் கீழே போனால் ஒரு எல்லைக்கோடு, அதற்கப்பால் தளர்வான சிவந்த சவ்வு. வீங்கிய ஈறில் அந்தக் குழிகள் மறைந்து பளபளக்கும், பிரஷ் பட்டால் ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று பிரஷை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது, நிறுத்தினால் அழுக்கு இன்னும் சேர்ந்து இன்னும் ரத்தம் வரும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம்.

அண்ணம்

தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். மேல் முன்பற்களுக்கு நேர் பின்னால் ஒரு சின்ன மேடு, அங்கிருந்து இரண்டு பக்கமும் குறுக்கே வரிவரியாக மடிப்புகள். இந்த மடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு நட்டநடுவில் கெட்டியான எலும்பு மேடு இருக்கும், அதன்மேல் தோல் நன்றாக இருந்து, வெகுநாளாக அப்படியே இருந்தால் ஒன்றுமில்லை. பல்செட் செய்யும்போதுதான் அது இடைஞ்சல். சுருட்டு, பீடி பிடிப்பவர்களின் அண்ணம் வெளுத்து, நடுவில் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும்.

முன்பகுதிக்குள் எலும்பு இருக்கிறது, பின்பகுதி வெறும் தசை. இரண்டும் சேரும் இடத்தை நாக்காலேயே கண்டுபிடிக்கலாம். தமிழ் எழுத்தைச் சொன்னால் போதும். ப், ம் சொன்னால் உதடு சேரும். த், ந் சொன்னால் நாக்கு நுனி மேல்பல்லைத் தொடும். ட், ண் சொல்லும்போது நுனி மேல்நோக்கி வளைந்து கெட்டி அண்ணத்தில் முட்டும். ழ் சொன்னால் இன்னும் பின்னே வளைந்து, ஒட்டாமல் தடவிக்கொண்டு போகும். க், ங் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி மெத்தென்ற அண்ணத்தைத் தொடும். ஆரம்பப் பள்ளியில் மாதிரி மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வாயின் கூரை முழுக்க ஒரு சுற்று வந்துவிடலாம்.

பெரியவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். சில வாரங்களாக ட, ழ சரியாக விழவில்லை என்றால் நாக்கு அசைவதில் தடை இருக்கலாம். பேச்சு திடீரென்று குழறினால் அது வாய்ச் சங்கதி அல்ல. பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக "ஆ" சொல்லச் சொன்னால் மெல்லண்ணம் மேலே எழும்பும், நடுவில் உள்நாக்கு தொங்கும். இரண்டு பக்கமும் சமமாக எழும்ப வேண்டும். அதன் இரு ஓரமும் டான்சில். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நாக்கு

நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். மேல்பரப்பு முழுக்கப் பரவியிருக்கும் சொரசொரப்பு மெல்லிய முளைகளால் ஆனது, அவற்றுக்குச் சுவை தெரியாது, சாப்பாட்டை உரசிப் பிடிக்கத்தான் அவை. நடுநடுவே, நுனிப் பக்கம் அதிகமாக, சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் சுவை மொட்டுகள் உண்டு. நாக்கை இன்னும் நீட்டினால் பின்பகுதியில் வட்டமான பெரிய முளைகள் 7 முதல் 12 வரை, நடுவில் கூராக இரண்டு பக்கமும் விரிந்த ஒரு வரிசையில் தெரியும். முகாமுக்குத் தூக்கம் கெட்டு வருபவர் பார்த்தது இவற்றைத்தான். நாக்கின் பின் ஓரங்களில் செங்குத்தான சின்ன மடிப்புகள் உண்டு, சளி பிடித்தால் கொஞ்சம் வீங்கும், இரண்டு பக்கமும் இருக்கும். இவையும் இயல்பு.

நுனி நாக்குக்கு இனிப்பு, பின் நாக்குக்குக் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்திருப்போம். அது தவறு. சுவை மொட்டு உள்ள எல்லா இடத்துக்கும் எல்லாச் சுவையும் தெரியும், மெல்லண்ணத்திலும்கூட மொட்டுகள் உண்டு. நம் அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் வேறு வழியாக வருகின்றன. மிளகாயின் காரத்தை அறிவது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகள். அதற்கான ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட ஆய்வுக்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகும் அதே ஏற்பியைத்தான் தட்டுகிறது. காரப் பொருள் தண்ணீரில் கரையாது, அதனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்காது, மோரோ பாலோ குடித்தால் அடங்கும். துவர்ப்பு என்பது பாக்கிலும் வாழைப்பூவிலும் உள்ள பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்து வழவழப்பை எடுத்துவிடுவதால் வரும் உணர்வு.

சரி, நாக்கின் ஓரத்துக்கு வருவோம். துணியால் நுனியைப் பிடித்து, இழுத்து வலிக்க வைக்காமல், ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரத்தைப் பின்கடைசி வரை பாருங்கள். பிறகு மறுபக்கம். உடைந்த கடைவாய்ப்பல் உரசி ஆறாத புண் இருக்கும் இடம் இதுதான், புற்று விரும்பும் இடமும் இதுதான். பார்த்த பிறகு விரலால் தடவுங்கள். நாக்கு முழுக்கத் தசை. ஓய்வாக இருக்கும்போது ஒரே மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும், கெட்டியாக ஓர் இடம் தட்டுப்பட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெடிப்பு விழுந்த நாக்கும், சிவப்புத் திட்டுகள் வெள்ளை விளிம்போடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் நாக்கும் பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் தீங்கில்லை. வெடிப்பில் சோறு தங்காமல் மெதுவாக வழித்துக் கழுவினால் போதும்.

நாக்குக்கு அடி

நாக்கு நுனியை அண்ணத்தில் ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஜவ்வு, இரு பக்கமும் நீலநிற ரத்த நாளங்கள். வயதானவர்களுக்கு இவை புடைத்து முடிச்சு முடிச்சாகத் தெரியும், வயதோடு வருவதுதான். இங்கே தோல் மிக மெல்லியது. நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அது நேராக ரத்தத்தில் சீக்கிரம் கலக்கும் என்பதால்தான். புகையிலையை இங்கே வைத்தால் அதுவும் அப்படியே கலக்கும்.

ஜவ்வின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மேடுகள். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பிகளின் எச்சில் இங்கேதான் வந்து விழுகிறது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை நாக்கில் விட்டுவிட்டு இந்த மேடுகளைப் பாருங்கள், நீர் ஊறுவது, சில சமயம் பீய்ச்சுவதுகூட, தெரியும். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. சாப்பிட உட்கார்ந்தவுடன் தாடைக்கு அடியில் வீங்கி, சாப்பிட்டு முடித்தபின் வடிந்தால் குழாயில் கல் இருக்கலாம்.

எலுமிச்சை விட்டும் ஊறவில்லை, வாய் வறண்டு ஸ்பூன் கன்னத்தில் ஒட்டுகிறது என்றால் மாத்திரைகளைப் பாருங்கள். ரத்த அழுத்தம், அலர்ஜி, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். சீப்புச்சீடையை வாயில் போட்டுக்கொண்டு விழுங்க முடியாமல் தண்ணீரைத் தேடும் அப்பத்தாவுக்குப் பசி குறையவில்லை, எச்சில் குறைந்திருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

எதைக் காட்ட வேண்டும்

வாயின் உள்தோல் சீக்கிரம் புதுப்பிக்கப்படும். கடித்த புண்ணும் சூடு பட்ட புண்ணும் சாதாரண வாய்ப்புண்ணும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதனால்தான் இரண்டு வாரம் என்று கணக்கு. அதைத் தாண்டியும் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகக் காரணமில்லாத சிவப்புத் திட்டு, கெட்டியான கட்டி, காரணமில்லாத மரத்துப்போதல், விழுங்குவதில் சிரமம், குறைந்துபோன வாய்திறப்பு. இவற்றில் எது இருந்தாலும் போய்க் காட்டுங்கள். வலி இல்லை என்பதை ஒரு நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆரம்பத்தில் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

டார்ச்சில் கண்ணால் பார்ப்பதற்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நாம் அப்படி இல்லை. போக வேண்டுமா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் நாம் பார்த்தால் போதும்.

சந்தேகமான இடத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு படம். ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அது பெரிய உதவி. அதற்கிடையில் கற்பூரம், சுண்ணாம்பு, கிராம்புத் தைலம் என்று எதையும் புண்ணில் வைக்காதீர்கள். சவ்வு வெந்துபோய், முதலில் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் பல்செட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெற்றிலை, எந்தப் பக்கம் அடக்குவது, புகையிலை உண்டா என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது ஐயா உள்ளதைச் சொல்லமாட்டார், அவர் சொல்லும்போது நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று உறவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையை எடுத்து, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை மட்டும் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஆறிய கஞ்சி, காரம் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். முடிவு வரும் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துவிட்டு, அன்றைக்குத் துணைக்கு யார் போவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.